ராமநாதபுரம் கரைக்கு வருகிறீர்களா? எங்கே இறங்குவது?

சிங்கப்பூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலு மணி சொச்சம். துபாய்–மதுரையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொழும்பு–மதுரை 350 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். டிக்கெட் போடும்போது நாம் பார்ப்பது இதைத்தான். ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இது பாதிக் கணக்கு. நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையமே இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் தளம். மீதிக் கணக்கு சாலையில் இருக்கிறது.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், ராமேஸ்வரம் என்றால் மதுரைதான் வசதி. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டாம். ரிங் ரோட்டில் விரகனூர் வந்து, மானாமதுரை, பரமக்குடி வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ராமநாதபுரம். ராமேஸ்வரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே ஊர்களுக்குத் திருச்சியிலிருந்து வந்தால், பறந்த நேரம் அளவுக்குக் காரிலும் உட்கார வேண்டியிருக்கும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது கார் வாடகையில் போய்விடும்.

தொண்டிப் பக்கம் கதை வேறு. தூரத்தில் மதுரை கொஞ்சம் கிட்டம்தான். ஆனால் சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் திருச்சிக்கு உண்டு. விமான நிலையமும் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. நான் திருச்சியைத்தான் சொல்வேன். சாயல்குடி, மூக்கையூர்க்காரர்கள் சென்னையில் மாறுவதாக இருந்தால் தூத்துக்குடியையும் பாருங்கள்; கிழக்குக் கடற்கரைச் சாலை நேரே கொண்டுவந்து விடும்.

சென்னையில் மாறும்போது குடிநுழைவு, சுங்கம் இரண்டும் அங்கேயே முடியும். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். சென்னையிலிருந்து மதுரை வான்வழியில் 420 கிலோமீட்டர் கூட இல்லை, ஆனாலும் இந்தக் காத்திருப்பில் பாதி நாள் போய்விடும். மாலையில் இறங்குகிறவர்கள் தாம்பரத்தில் ராமேஸ்வரம் ரயிலைப் பிடித்து, படுத்துக்கொண்டே ஊருக்கு வந்துவிடலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி தீவு வரை போகிறது.

கடிகாரத்தை நம்பாதீர்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு எட்டுக்குக் கிளம்பினால் திருச்சியில் ஒன்பதரைதான் ஆகியிருக்கும். உடம்புக்கோ நள்ளிரவு. அப்புறம் விடிய விடியச் சாலைப் பயணம். குழந்தைகளோடு வருபவர்கள் இரவு திருச்சியிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது நல்லது.

தேதியையும் பாருங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த நாட்களில் மதுரை–ராமநாதபுரம் சாலையில் போலீஸ் கெடுபிடி, பாதை மாற்றம், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும். ஆடி, தை அமாவாசையில் ராமேஸ்வரம் பக்கம் வண்டி நகராது. திரும்பும் விமானத்தை இந்த நாட்களில் போட்டிருந்தால், முதல் நாளே மதுரைக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.