இருமல் சிரப் வாங்கும்முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மருந்துக்கடையில் "இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க" என்று கேட்டால், மூன்று நான்கு மருந்துகள் கலந்த பாட்டில் கைக்கு வர வாய்ப்பு அதிகம். அதில் ஒன்று உங்களுக்குத் தேவைப்படலாம், மற்றவை தேவையில்லாத பக்கவிளைவுகள். பிராண்டைவிட, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

சளி வராமல் தொண்டை அரித்து, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். இருமல் தூண்டலை மூளையிலேயே மட்டுப்படுத்தும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 20 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் 120 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். சில மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, கடும் காய்ச்சல் வரை போய்விடும்.

நெஞ்சில் சளி கட்டியிருந்தால் குவைஃபெனெசின்: ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., நாளுக்கு 2400 மி.கி.க்குள். அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் இரண்டும் சளியை இளக்குபவை. சளி இருமலை அடக்கும் மருந்து வேண்டாம். வெளியே வர வேண்டிய சளி உள்ளேயே தங்கிவிடும். அடக்குவதையும் சளி எடுப்பதையும் ஒரே பாட்டிலில் போட்டு விற்கிறார்கள். ஒன்று இழுக்க, மற்றது தடுக்கும். அதை வாங்காதீர்கள். உண்மையில் இவை எவையும் பலன் தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஜலதோஷத்தோடு வரும் இருமல் பெரும்பாலும் 3 வாரத்துக்குள் தானாகவே அடங்கும்.

லேபிளில் "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்ற வரியைத் தேடுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் 10 மி.கி. என்றிருந்தால், 10 மி.லி. குடிக்கையில் 20 மி.கி. உள்ளே போகிறது. இன்னொரு பாட்டிலில் அதே 5 மி.லி.யில் 15 மி.கி. இருக்கலாம், பழைய அளவையே ஊற்றினால் ஒரே வேளையில் 30 மி.கி. ஆகிவிடும். அடுத்து பாராசிட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள். சிரப்பிலும் இருந்து, காய்ச்சல் மாத்திரையும் தனியாகப் போட்டால், பெரியவர்களுக்கான நாளளவான 4000 மி.கி.யைத் தெரியாமலே தாண்டி ஈரல் கெடலாம். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் ஆகிய ஒவ்வாமை மருந்துகள் தூக்கம் வரவைக்கும். இவை கலந்த சிரப்பைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு இவை ஆகாது. மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை சேர்க்காத சிரப்பைக் கேட்டு வாங்கலாம்.

குழந்தைகள் விஷயம் வேறு. 6 வயதுக்குள் இருமல் சிரப் எதுவும் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. பிரிட்டனில் 2009 முதல் கடை மருந்துகளுக்கு அதுவே வரம்பு. அமெரிக்க லேபிள்கள் 4 வயதுக்குள் கூடாது என்கின்றன. குழந்தைகளிடம் பலன் நிரூபணமாகவில்லை, ஆனால் அளவு கூடினால் மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரும். அபின் வகை மருந்தான கோடீன் கலந்தது 12 வயதுக்குள் கண்டிப்பாகக் கூடாது, மூச்சே நின்றுபோகலாம். பெரியவர் சிரப்பைப் பாதியாகக் குறைத்துக் கொடுப்பதும் தவறு.

1 வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும்முன் அரை டீஸ்பூன் (2.5 மி.லி.) தேன் கொடுங்கள். 1 வயதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நச்சுநோயைத் தரும் கிருமியைச் சிசுவின் குடலால் சமாளிக்க முடியாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குள் தடவ வேண்டாம். இருமல் மிட்டாய் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும்.

6 வயதுக்கு மேல் சிரப் கொடுத்தால், சமையலறை ஸ்பூனில் ஊற்றாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கண்மட்டத்தில் வைத்து கோட்டைப் பார்த்து, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். நேரே தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும்.

ரத்தம் கலந்த சளி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வீசிங் இருந்தால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். குழந்தை மூச்சு விடும்போது விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்கு. இருமல் 2 வாரம் தாண்டினால், தானாக அடங்கும் என்று காத்திருக்காமல் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை தொடங்கியபின் வறட்டு இருமல் வந்திருந்தால் எந்தச் சிரப்பும் கேட்காது. மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள்.