சபைச் சிறுவர் நிகழ்ச்சிகள்: அக்கம்பக்கத்து உறவு எங்கே முறிகிறது?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமுள்ள தமிழ்ச் சபைகள் களைகட்டிவிடும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மேடை அலங்காரம், அசைவுப் பாட்டுப் பயிற்சி, வேன் ஏற்பாடு என்று இளைஞர்கள் ஓடியாடி வேலை செய்வார்கள். ஐந்து நாள் முடிந்ததும் ஞாயிறு ஆராதனையில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று அறிவிப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மா பெயர் என்ன, அப்பா எந்த ஷிப்டில் வேலை பார்க்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பிள்ளை வந்தால் பெற்றோரும் தானாக வந்துவிடுவார்கள் என்ற நினைப்பிலிருந்துதான் மற்ற தவறுகளெல்லாம் கிளம்புகின்றன.

அவற்றில் பெரியது மறைப்பது. அடுக்குமாடியில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளில் 'இலவச டியூஷன், சனி காலை 10 மணி' என்று மட்டும் இருக்கும். சபையின் பெயர் இருக்காது. போனால் அரை மணி நேரம் கணக்கு, பிறகு வேதக் கதை, மனப்பாட வசனம், ஜெபம். வீட்டுக்கு வரும் பிள்ளை சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொள்ளும். திருநீறு பூச வரும் பாட்டியின் கையை விலக்கிவிடும். சாயங்காலத்துக்குள் அந்த பிளாக்கின் புலனக் (வாட்ஸ்அப்) குழு முழுக்க இதே பேச்சாக இருக்கும். அதன்பிறகு அரிசியும் பாலும் கொண்டுபோனாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

பிள்ளையின் சமயம் என்பது மலேசிய இந்துக் குடும்பங்களுக்கு ஆறாத புண். மலேசியத் தாயான திருமதி இந்திரா காந்தி, தம் மூன்று பிள்ளைகளைக் கணவர் இஸ்லாத்துக்கு மாற்றியதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். தாய்க்குத் தெரியாமல் நடந்த அந்த மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) பிரிவு. பிறர் நமக்குச் செய்யக்கூடாது என்று நாம் சொல்வதை நாமும் பிறருக்குச் செய்யக்கூடாது.

ஆகவே தாளிலேயே எல்லாம் இருக்கட்டும்: எந்தச் சபை, யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு டியூஷன், எத்தனை மணிக்கு வேதக் கதை, வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் பிள்ளை வேறென்ன செய்யலாம். பிள்ளையிடம் தாளைக் கொடுத்தனுப்பாமல் வீட்டுக்கே போய் விளக்கிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். சிலர் 'டியூஷன் மட்டும் போதும்' என்பார்கள். அந்தப் பிள்ளையையும் அதே அன்போடு சேர்த்துக்கொள்ள முடியாத சபை டியூஷன் நடத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'அம்மாவிடம் சொல்லாதே' என்று எந்த ஆசிரியரும் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையிடம் சொல்லக்கூடாது.

பிபிஆர் எனப்படும் அரசின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் மலாய் முஸ்லிம் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான விளையாட்டு, வாசிப்பு என்றால் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்போடு சேர்ந்து குடியிருப்பு மண்டபத்தில் நடத்துங்கள். அங்கே சமய போதனை வேண்டாம்.

அடுத்த தவறு, அக்கம்பக்கத்துக்கு என்ன தேவை என்று கேட்காமலே நிகழ்ச்சி வகுப்பது. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே தமிழ்ப்பள்ளி முடித்துப் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளை, பெரும்பாலான பாடங்கள் மலாயில் நடக்கும் வகுப்பில் திணறிப்போகிறது. மலாயில் தேர்ச்சி போதாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காருகிறார்கள். ஆண்டு 5, 6 பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை மலாய் வாசிப்பு நடத்தினால் பெற்றோர் தாமாகவே கூட்டிவருவார்கள். ஐந்து நாள் கொண்டாட்டம் நடத்திவிட்டு அடுத்த விடுமுறைவரை காணாமல் போகிறவர்களை யாரும் அக்கம்பக்கத்தார் என்று நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டிறைச்சி பர்கர் வாங்கிவைத்தால் பல பிள்ளைகள் பட்டினியாக நிற்கும், சில பிள்ளைகள் தெரியாமல் தின்றுவிடும். புரட்டாசி மாதத்தில் சைவப் பொட்டலமும் தயாராக இருக்கட்டும். தைப்பூசத்தன்று முகாம் வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடாதீர்கள், அதிலும் 'ஏழைப் பிள்ளைகள்' என்ற தலைப்போடு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, பாதுகாப்பை நம்பிக்கை ஒன்றில் மட்டும் விட்டுவிடுவது. 'நம்ம சபைப் பையன்தானே' என்று யாரையும் பிள்ளைகளோடு தனியே விடக்கூடாது. எந்த அறையிலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், வேனிலும் அப்படியே. சிறார் மீதான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம். புகார் வந்தால் சபைக்குள் பேசித் தீர்க்கப் பார்க்காமல் போலீசுக்குப் போங்கள். 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள். வகுப்பின் முதல் நாளே அது எதற்கு என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுங்கள்.