கோவா இலையில் ஓட்டை: தின்றது யார், தடுப்பது எப்படி?

கார்த்திகை மழைக்குள் நட்ட கோவாக் (முட்டைக்கோஸ்) கன்றில் ஓட்டை விழுந்தால் முதலில் நத்தையைத் தேடுங்கள். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்த பிறகு விழுந்தால் புழுவைத் தேடுங்கள். மாசி வெயிலில் குருத்து சுருண்டு பிசுபிசுத்தால் அழுக்கணவன், கும்பலாக மொய்த்துச் சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டு வளவில் மரக்கறி வைக்கிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். ஒவ்வொரு தடவையும் இப்படியே நடக்கும் என்றில்லை, ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

2022 இல் மரக்கறி விலை ஏறியபோது நானும் வளவில் இருபது கோவாக் கன்று வைத்தேன். எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) மணலில் மாட்டெரு போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. இலை ஓட்டையானதும் பயந்து, மருந்துக் கடையில் "புழு மருந்து" என்று கேட்டு வாங்கி வந்து அடித்தேன். என்ன புழு என்று கடையிலும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு கிழமையில் புழு திரும்பி வந்தது. பொறிவண்டு திரும்பி வரவில்லை. அழுக்கணவனைத் தின்ன ஆள் இல்லாமல் அது மொய்த்து, பாதிக் கன்று போய்விட்டது. தின்பது யார் என்று தெரியாமல் எதையும் அடிக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் வரும் கடுகு நெடி இந்தக் குடும்பத்தின் காவல். பல பூச்சிகள் அந்த நெடிக்குக் கிட்ட வராது. சில பூச்சிகள் அந்த நெடியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நாம் பேசப்போவது பெரும்பாலும் அந்தச் சிலதைப் பற்றி.

படி 1: பார்க்கும் நேரம்

காலையில் வெயில் ஏறுமுன் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் லைட்டோடு ஒரு தடவை. பகல் பத்து மணிக்குப் போய் நின்றால் ஓட்டையைத்தான் பார்க்கலாம், ஓட்டை போட்டவரைப் பார்க்க முடியாது. ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீரும் கையில் ஒரு ஈர்க்கும் போதும். கிழமைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். இலையின் மேல்பக்கத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், ஒவ்வொரு இலையையும் மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுக்குருத்தையும் விரலால் விலக்கிப் பாருங்கள்.

படி 2: தின்ற அடையாளத்தைப் படிப்பது

இலையில் கண்ணாடி போட்டதுபோல் சின்னச் சின்னச் சன்னல்கள் இருந்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், கோவாவுக்கு உலகம் முழுக்க முதல் எதிரி இதுதான். சின்னப் புழு இலையின் அடியிலிருந்து தின்று, மேல்தோலை மட்டும் மெல்லிய தாள்போல் விட்டுவிடும். சூரியனுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியும். பிறகு அந்தத் தாளும் கிழிந்து ஓட்டையாகும். புழு பச்சை நிறம், வளர்ந்தாலும் ஒரு சென்ரிமீற்றர்தான், இரண்டு முனையும் ஒடுங்கி இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஈர்க்கால் மெல்லத் தொடுங்கள். துடிதுடித்துப் பின்பக்கமாக ஓடி, இலையிலிருந்து விழுந்து, நூலில் தொங்கும். நீங்கள் அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் அதே நூலைப் பிடித்து மேலே ஏறும். இப்படிச் செய்தால் வேறு ஆள் தேட வேண்டாம். தாய்ப்பூச்சி சாம்பலும் பழுப்புமான சின்ன அந்து. இறக்கையை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வெளிர் நிற வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும்.

நடுக்குருத்து தின்னப்பட்டு, பட்டு நூலும் எச்சமும் சேர்ந்து அடைத்துக் கிடந்தால் அது குருத்துப் புழு. எங்களைப்போல் சூடான இடங்களில் இது நாற்றுப் பருவத்திலேயே வரும். நோக்கமே குருத்துத்தான் என்பதால் ஒரு கன்றுக்கு ஒரு புழு போதும். குருத்துப் போன கன்று பக்கத்தில் இரண்டு மூன்று சின்னத் தலை விடும், ஒன்றும் உருப்படியாகக் கட்டாது. அதை வைத்திருந்து பார்க்காமல் பிடுங்கி, பதிலுக்கு வேறு நாற்று வையுங்கள்.

ஒரே இலையில் குஞ்சுப் புழுக்கள் கும்பலாக இருந்து, நரம்பை மட்டும் விட்டுச் சல்லடையாக்கி இருந்தால், இரவில் தின்னும் புகையிலைப் புழுவாக இருக்கலாம். அதன் முட்டைக் குவியல்மேல் பழுப்பு மயிர் போர்த்தியிருக்கும். வளர்ந்ததும் பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, இரவில் ஏறி வரும். டோர்ச் லைட் முக்கியமாக இதற்குத்தான்.

கன்று தரைமட்டத்தில் கத்தியால் அறுத்ததுபோல் சரிந்து கிடந்தால் வெட்டுப்புழு. சரிந்த கன்றைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் கொழுத்த புழு வளையமாகச் சுருண்டு கிடக்கும். அன்றைக்கே பிடிக்காவிட்டால் மறுநாள் பக்கத்துக் கன்றுக்குப் போகும்.

முள்ளங்கி இலையில் ஊசியால் குத்தியதுபோல் நிறையப் பொட்டு ஓட்டை, கிட்டப் போனால் கறுத்த பொடி வண்டு துள்ளிப் பாய்கிறது என்றால் தெள்ளு வண்டு. வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும், முளைத்து இரண்டிலைப் பருவத்தில்தான் கவனிக்க வேண்டும்.

ஓரம் ஒழுங்கில்லாத பெரிய ஓட்டை, பக்கத்தில் காய்ந்த பளபளக்கும் கோடு: நத்தை அல்லது அட்டைபோல் இருக்கும் ஓடில்லாத நத்தை. இலையே பிய்ந்து காம்பு மட்டும் நின்றால் பூச்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். மாடு, ஆடு, கோழி, அம்பாறை உட்பக்கமானால் மயில். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை வரும் ஊர்களின் பிரச்சினை இந்தப் பதிவுக்குள் அடங்காது.

படி 3: வரமுன் தடுப்பது

பழைய நுளம்பு வலையை எறியாதீர்கள். நான் கண்டதில் இதைவிட மலிவான காவல் கிடையாது. பி.வி.சி. குழாயையோ வளையும் கம்பையோ வில்லாக வளைத்து, கன்று நட்ட மேடையின் இரண்டு பக்கமும் ஊன்றி, மேலே வலையைப் போர்த்தி, ஓரங்களை மணலுக்குள் புதையுங்கள். அந்து உள்ளே போனால்தானே முட்டை இடும். கோவா தலை கட்டுவதற்குப் பூவும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். அதனால் வெட்டும் நாள்வரை வலை இருக்கலாம். இரண்டு விஷயம் மட்டும் மறக்கக்கூடாது. நட்ட அன்றைக்கே, சுத்தமான நாற்றுக்குத்தான் வலை போட வேண்டும். புழு இருக்கும் கன்றை மூடினால் புழுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும், குருவியும் குளவியும் உள்ளே வர முடியாது. அடுத்தது, இலை வலையில் உராயாமல் உயரம் விடுங்கள். உரசினால் வெளியே நின்றபடி முட்டை இட்டுவிடும்.

வெட்டுப்புழுவுக்கு யோகட் கப் போதும். அடியை வெட்டி எடுத்துவிட்டு, கன்றைச் சுற்றி ஒரு அங்குலம் மண்ணுக்குள் அழுத்துங்கள். தண்டு விரல் தடிப்புக்கு வந்ததும் எடுக்கலாம்.

நத்தைக்கு மாலையில் ஈரச் சாக்கையோ பப்பாசி இலையையோ கன்றுகளுக்கு இடையில் போட்டு வையுங்கள். விடிய எடுத்தால் அடியில் ஒட்டியிருக்கும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், நத்தையில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். பொலித்தீன் பையைக் கையில் மாட்டிப் பிடித்து, உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். பலர் மேடையிலேயே உப்பைத் தூவுகிறார்கள். நத்தை சாகும், மண்ணும் கெடும்.

சாம்பல் தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த நாளில் கொஞ்சம் உதவும். மழை பட்டால் ஒன்றுமில்லை.

படி 4: கையும் தண்ணீரும்

இருபது முப்பது கன்றுக்கு இதுதான் உண்மையான மருந்து. முட்டைக் குவியலை விரலால் நசுக்குங்கள், புழுவை வாளிக்குள் தட்டுங்கள். அழுக்கணவன் மொய்த்த இலையைத் தண்ணீர் பீச்சிக் கழுவினால் பெரும்பகுதி விழுந்துவிடும், விழுந்தது திரும்ப ஏறுவது குறைவு. பின்னேரத்தில் செடிக்கு மேலால் தண்ணீர் தெளிப்பதும் நல்லது. வைரமுதுகு அந்து பொழுது சாயும் நேரத்தில்தான் துணை தேடும், ஈரம் அதைக் குழப்பும், குஞ்சுப் புழுவையும் கழுவிவிடும். மாரியில் இந்தப் புழு குறைவாக இருப்பதும் இதனால்தான். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் அழுகல் நோய் வரும் என்பதால், இருட்டுமுன் உலரும்படி ஊற்றுங்கள்.

அழுக்கணவன் கூட்டத்துக்குள் பழுப்பு நிறத்தில் ஊதி, அசையாமல் சில கிடக்கும். அவற்றுக்குள் சின்னக் குளவியின் குஞ்சு வளர்கிறது. அந்த இலையைத் தொடாதீர்கள். எங்கள் பக்கத்து வளவு அக்கா ஒருநாள், "என்ன புள்ள, பூச்சி இருக்கிற இலையப் போய்க் காப்பாத்துறாய்?" என்று கேட்டார். ஒரு கிழமை கழித்து அவரைக் கூட்டிப்போய் அதே இலையைக் காட்டினேன். ஊதியவை எல்லாம் முதுகில் வட்ட ஓட்டையோடு வெறும் கோதாகக் கிடந்தன.

படி 5: கடுகை முன்னுக்கு நிறுத்துவது

கோவாவை விடக் கடுகைத்தான் வைரமுதுகு அந்துக்கும் அழுக்கணவனுக்கும் பிடிக்கும். இந்தியாவில் 25 வரிசை கோவாவுக்கு இரண்டு வரிசை கடுகு என்று போடுவார்கள். ஒன்றைக் கோவா நடுவதற்கு 15 நாள் முன்னும், மற்றதை நட்டு 25 நாள் கழித்தும் விதைப்பார்கள். வீட்டு மேடைக்கு ஓரத்தில் ஒரு வரி போதும், சமையலறைக் கடுகே முளைக்கும். ஆனால் விதைத்துவிட்டுச் சும்மா இருந்தால் அந்தக் கடுகு பூச்சிப் பண்ணையாகும். கடுகில் சேர்ந்ததைக் கிழமைதோறும் பிடுங்கியோ வேப்பங்கரைசல் அடித்தோ அழிக்க வேண்டும்.

படி 6: வேப்பங்கொட்டைக் கரைசல்

கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்து ஆடி பிறக்கும்போது, வேம்படியில் பழம் விழத் தொடங்கியிருக்கும். பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கழித்துவிடுங்கள்.

கோது நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கலக்கி, பழைய சீலையில் வடித்து, அதே நாள் பின்னேரம் அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதால்தான் பின்னேரம். கோவா இலையில் மெழுகு இருக்கிறது, சேம்பு இலையில்போல் தண்ணீர் உருண்டு ஓடும். அதனால் கரைசலில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஒட்டும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். 5 முதல் 7 நாளுக்கு ஒரு தடவை, மழை பெய்தால் திரும்பவும். மறுநாள் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து மனம் தளராதீர்கள். வேம்பு உடனே கொல்லாது, தின்பதைக் குறைத்து, தோல் உரித்து வளரவிடாமல் தடுக்கும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால், தின்னப்பட்ட இலையையும் புழுவையும் ஒரு போத்தலில் போட்டு, உங்கள் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். வைரமுதுகு அந்துவுக்கு மருந்து பழகிப்போகும் வேகம் பயங்கரமானது. டி.டி.டி. அதற்கு வேலை செய்யவில்லை என்று ஜாவாவில் 1953 லேயே கண்டார்கள். எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தலைமுறை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிய புழுவின் பிள்ளைகள்தான் அடுத்த முறை தோட்டம் முழுக்க இருக்கும். எதை அடித்தாலும், அடித்து எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்று லேபிளில் இருப்பதை வாசியுங்கள். அதைச் சாப்பிடப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

படி 7: வெட்டிய பிறகு

தலையை வெட்டியதும் அடித்தண்டை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம். அது துளிர்க்கும், அந்தத் துளிரில் புழுவும் அழுக்கணவனும் அடுத்த நாற்று வரும்வரை பிழைத்திருக்கும். வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். அதே மேடையில் திரும்பவும் கோவா, முள்ளங்கி வைக்காமல் வெண்டியோ பயற்றையோ வையுங்கள். நடுமுன் மண்ணைக் கொத்திவிட்டு, இத்தனை நாளும் விரட்டிக்கொண்டிருந்த கோழிகளுக்கு வேலியைத் திறந்துவிடுங்கள். வெட்டுப்புழுவும் புகையிலைப் புழுவும் மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகக் கிடக்கின்றன. இரண்டு நாளில் கிளறி எடுத்துவிடும்.