தேர்வு மண்டபத்துக்குள் கூடவே வரும் சிகிச்சை: எஸ்.பி.எம். மாணவர்களின் மன அழுத்தத்துக்குச் சில வழிகள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்க நெருங்க, பிள்ளையின் பதற்றத்தைத் தணிக்க யோகா வகுப்பு, தைல மசாஜ், மூலிகை மாத்திரை என்று ஏதேனும் ஒன்றைக் கோலாலம்பூர்ப் பெற்றோர் தேடத் தொடங்குகிறார்கள். தேடுவதில் தவறில்லை. ஆனால், அந்தச் சிகிச்சை பிள்ளையோடு தேர்வு மண்டபத்துக்குள்ளும் வருமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது என்ற விதி 2013 முதல் நடப்பில் இருக்கும்போது, வினாத்தாளைப் புரட்டும் கணத்தில் நெஞ்சு படபடக்கும் மாணவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மசாஜ் நிலையம் கைகொடுக்காது. நாற்காலியில் அமர்ந்தபடியே, பக்கத்து மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்யக்கூடிய பயிற்சிகளுக்கே முதலிடம் தர வேண்டும்.

அவற்றுள் தலையாயது மூச்சுப் பயிற்சி. இரு பாதங்களும் தரையில் படியுமாறு அமர்ந்து, மூக்கின் வழியாக மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விட வேண்டும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். மூச்சை வெளியே விடும்போது மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது என்பதால், இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருப்பதே இதன் சூட்சுமம். பதற்றத்தில் இருக்கும் மாணவருக்குக் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைக் கற்றுக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல்கள் மரத்துப்போகும். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளை அதை மயக்கம் என்றே எண்ணிக்கொள்ளும்.

அடுத்தது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சி. பதற்றத்தோடு எழுதும் மாணவரைக் கவனித்துப் பாருங்கள்: தோள்கள் காதுவரை உயர்ந்திருக்கும், பேனாவை இறுக்கிப் பிடித்த விரலின் நுனி வெளுத்திருக்கும், பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். ஆனால் தம் உடல் இறுகியிருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு தசையை ஐந்து வினாடி வேண்டுமென்றே இறுக்கி, பிறகு சட்டென்று தளர்த்தி, அந்த வேறுபாட்டை உணரப் பழகுவதுதான் இப்பயிற்சி. வீட்டில் பாதம் முதல் நெற்றிவரை படுத்தபடி செய்யலாம். மண்டபத்தில் கைமுட்டி, தோள், தாடை ஆகிய மூன்று மட்டும் போதும்.

இவ்விரண்டையும் தேர்வுக்கு முதல் நாள் கற்றுக்கொண்டு பயனில்லை. குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, ட்ரையல் எனப்படும் முன்னோட்டத் தேர்வின் பழைய தாள் ஒன்றை மேசையில் வைத்து, நேரம் குறித்து, முதல் கேள்வியைப் படிக்கும் முன் மூன்று மூச்சு, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒருமுறை தோளைத் தளர்த்துவது என்று எழுத்தோடு சேர்த்தே பழக வேண்டும். மெத்தையில் படுத்துக்கொண்டு மட்டும் பழகியது நாற்காலியில் எளிதில் கைவராது.

எண்ணெய்க் குளியலும் தலை மசாஜும் வார இறுதிக்கு உரியவை. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடல் அசந்து தூக்கம் வரும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே தேர்வன்று காலையில் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. லாவண்டர் எண்ணெயின் மணம் சிலருக்கு இதமாக இருக்கும்; ஆனால் அதைக் குடிக்கக் கூடாது, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அருகில் வைக்கவும் கூடாது. இரவு பத்து மணிக்கு மாமாக் உணவுக் கடையின் தே தாரிக் என்ற பால் தேநீரைக் குடித்துவிட்டுத் தூக்கம் வர மூலிகை தேடுவதைவிட, அந்தத் தேநீரை நிறுத்துவதே எளிது.

உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகைகளில் கூடுதல் கவனம் தேவை. அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தைராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். எம்.ஏ.எல். என்று தொடங்கி, எண்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்தைக் கொண்ட பதிவெண் பொட்டலத்தில் இல்லாத பாரம்பரிய மருந்தை வாங்கவே வேண்டாம். சித்தமும் ஆயுர்வேதமும் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், வைத்தியரிடம் அவருடைய பதிவுச் சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அரசு மருத்துவமனைகளில் முதன்முதலாக 2007இல் பினாங்கின் கெப்பாலா பத்தாஸில் பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவு தொடங்கியபோதே, அது மருத்துவருக்குத் துணையாகத்தான் அமைந்தது. அவருக்கு மாற்றாக அன்று.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை நீடித்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, இப்பயிற்சிகளோடு நின்றுவிடாமல் பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் அரசு சுகாதார கிளினிக்கையும் நாட வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும், அது விளையாட்டுப் பேச்சாகவே தோன்றினாலும், தனியே விடாமல் உடனிருந்து, சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணையோ, இரவிலும் எடுக்கப்படும், மனச்சோர்வில் இருப்பவர்களுக்குச் செவிசாய்க்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணையோ அப்போதே அழையுங்கள்.