மாமரத்துக்குக் கால்சியம் தெளிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தோப்பு வாங்கியவர்கள் இலைவழி உரம் பற்றிக் கேட்க வருகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் அடித்த கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் அடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அளவு கூடினால் இலை கருகும் என்பது பாக்கெட்டிலேயே இருக்கிறது, அதை விடுங்கள். பறித்த பிறகு பழத்தைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இலைக்கு அடித்தால் காய்க்குப் போகும் என்று நம்புவது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். போன பருவத்தில், அறுவடை நெருங்கிய நேரத்தில், ஒரு தம்பி பவர் ஸ்ப்ரேயரை வைத்துக் கால்சியம் நைட்ரேட் அடித்துக்கொண்டிருந்தார். வெளி இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கிளையை விலக்கிப் பார்த்தால், உள்ளே தொங்கிய காய்களின் மேல் தூசிகூடக் கலையவில்லை. "இலை எடுத்துக் காய்க்கு அனுப்பிடும்ண்ணா" என்கிறார்.

அனுப்பாது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு ஏறுகிற சத்து. இலைக்குள் போனது இலையிலேயே தங்கிவிடும். சர்க்கரை இறங்குவது போல அது காய்க்கு இறங்காது. செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை இறுக்குவது கால்சியம்தான். அது குறைந்த பழம் சீக்கிரமே கொழகொழத்துவிடும். ஆகவே மருந்து காயின் தோலில் பட வேண்டும். அதுவும் பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தொடங்கி, இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். இளந்தோலில் துளைகள் திறந்திருக்கும். காய் பருக்கப் பருக்க மெழுகு தடித்து, உள்ளே போவது குறைந்துவிடும்.

இன்னொன்றையும் அந்தத் தம்பி பார்க்கவில்லை. கால்சியம் நைட்ரேட்டில் 15.5 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. இலை அதை ஜோராக எடுத்துக்கொண்டது. பழம் கெட்டியாகட்டும் என்று காசு போட்டவர், கடைசி நேரத்தில் மரத்துக்குத் தழைச்சத்து ஊட்டியிருக்கிறார். மண்டியில் தோல் பச்சை விடாமலேயே உள்ளே பழுத்துக் கிடந்தன சில. காம்போரம் கரும்புள்ளி விழுந்தவற்றைக் கழித்துத் தள்ளிவிட்டார்கள்.

அறுவடைக்கு முன் யூரியா

யூரியாவும் தழைச்சத்துதான், அதே கதைதான். வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே டேங்கில் ஊற்றுவது

கால்சியம் நைட்ரேட்டோடு பொட்டாசியம் சல்பேட் சேர்ந்தால் ஜிப்சம் உண்டாகும். தண்ணீர் கலங்கி வெளுத்து, அடியில் வண்டல் படியும். அப்புறம் நாசில் அடைக்கும். கால்சியமும் காய்க்குச் சேராது. பாஸ்பேட் உள்ள உரங்களும் இப்படித்தான். பொட்டாசியம் சல்பேட்டை வேறொரு நாளில், காய் பருக்கும் கட்டத்தில் அடியுங்கள்; இனிப்புக்கும் நிறத்துக்கும் நல்லது. சந்தேகம் என்றால் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

உச்சி வெயிலில் அடிப்பது

கூடாது. காலை அல்லது சாயங்காலம்.

தண்ணீரை மறந்துவிட்டுத் தெளிப்பை நம்புவது

காய்க்குப் போகும் கால்சியத்தில் பெரும்பங்கு வேர் வழியாகத்தான் வருகிறது. பிஞ்சு வளரும் பங்குனி வெயிலில் மரத்தடி காய்ந்து கிடந்தால், கிடைக்கிற கொஞ்சத் தண்ணீரையும் இலைகளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குறையை டேங்க் டேங்காகத் தெளித்தாலும் ஈடுகட்ட முடியாது. சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உரக்கடைக்கு அப்புறம் போகலாம்.