தடுப்பது சரி, யாருக்குத் திறந்துவிடுவது?

எங்கள் வீட்டில் புதுப் போன் வந்தால் விளம்பரத் தடுப்பான் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனால் போட்டதோடு கைகழுவிவிடக் கூடாது. விளம்பரக் காசில் நியாயமாகப் பிழைக்கிற தளங்களுக்குத் தடுப்பைத் திறந்துவிடவும் வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை நிறுவி, மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைச் சேருங்கள். ரேமண்ட் ஹில் என்ற புரோகிராமர் 2014இல் வெளியிட்டது, நன்கொடைகூட வாங்குவதில்லை. கம்ப்யூட்டரில் குரோம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதன் லைட் வடிவம் இருக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் தடுப்பதில் எனக்குத் துளியும் உறுத்தல் இல்லை. அம்மா கேஸ் புகாருக்கு எண் தேடினார். மேலே வந்தது ஒரு விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்பது பொடி எழுத்தில், எண் மட்டும் கொட்டை எழுத்தில். கூப்பிட்டால் ஓடிபி கேட்கிறான். இப்படிப் போலி விளம்பரங்கள் பெருகியதால்தான் 2022 டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே தடுப்பான் பயன்படுத்தச் சொன்னது. நல்ல தளம் என்றாலும் நம்ப முடியாது. பக்கம் திறக்கும் நொடியில் ஏலம் போட்டு யாரோ அனுப்புவதுதான் விளம்பரம். தளக்காரருக்கே அது தெரியாது. 2016இல் நியூயார்க் டைம்ஸ், பிபிசி தளங்களில்கூட விளம்பரம் வழியாக வைரஸ் வந்தது.

இனி திறப்பது. அடிக்கடி படிக்கும் தளத்துக்குப் போய், யூபிளாக்கில் பெரிய பவர் பட்டனை அழுத்திப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும். சில நாள் கவனியுங்கள். வீடியோ தானாகக் கத்துகிறதா? மூடும் 'எக்ஸ்' படத்திலேயே வரைந்ததா, தொட்டால் வேறெங்கோ இழுத்துப் போகிறதா? உடனே மறுபடி தடுத்துவிடுங்கள். தன் இடத்தில் பேசாமல் இருக்கும் விளம்பரம் என்றால் இருக்கட்டும், எழுதுகிறவருக்குச் சம்பளம் போகிறது.

இந்தத் தேர்வை வேறொருவரிடம் விடாதீர்கள். ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று தானே சிலவற்றை அனுமதிக்கிறது. பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணமும் கட்டுகின்றன.

தடுப்பானை நிறுத்து அல்லது சந்தா கட்டு என்று ஒரு தளம் கேட்டால், இரண்டில் ஒன்றைச் செய்வேன், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுவேன். குறுக்கு வழியில் நுழைவதில்லை. கேட்ட பிறகும் நுழைந்தால் அது ஏமாற்று.

வயதானவர்களின் போனில் மட்டும் எந்தத் தளத்துக்கும் திறக்காதீர்கள். அவர்கள் தினமும் படிப்பதற்குச் சந்தா இருந்தால் நீங்களே கட்டிவிடுங்கள்.