பிரேக் பேடை மாற்றியும் நிற்காத சத்தம்

வீடு குளச்சல் கடற்கரையோரம். பைக்கின் முன் பிரேக் கீச்சிட்டது, பிடிப்பும் குறைந்தது. முன்பு போட்ட விலை குறைந்த பிரேக் பேடுதான் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) காரணம் என்று நினைத்து, நாகர்கோவில் போய் ஒரிஜினல் வாங்கி மாட்டினேன். நாலே நாளில் மறுபடி அதே சத்தம். டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்தும் பலனில்லை.

அப்புறம், கழற்றிப் போட்ட பழைய பேடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கத்துப் பேடு தேய்ந்து 1 மில்லிமீட்டர்தான் மிச்சம் இருந்தது. மற்றதில் 3 மில்லிமீட்டர் மிச்சம். அதாவது, இரண்டு பேடும் சமமாக அழுந்தும்படி நகர வேண்டிய காலிப்பர் (பேடுகளைத் தாங்கும் கவ்வி) நகரவே இல்லை. உப்புக்காற்றில், அது நகர்வதற்கான ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

பின்னைத் துடைத்து, கிழிந்த ரப்பர் உறையை மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். அப்பாடா! இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முழுக்க ஓட்டிவிட்டேன், சத்தமே இல்லை.